இன்பமேரி பார்க்காத மூன்று ரீல்

1

இந்தக் கதை ஒரு நினைவு மலருக்காக ஆரம்பித்தது. என் தாத்தாவின் அக்கா இன்பமேரி போன ஆடியில் இறந்துபோனார். குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் மேரி டீச்சர். வருஷத் திருப்பலிக்கு ஒரு சின்னப் புத்தகம் அடித்து வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று சேலத்திலிருந்து என் அக்கா அந்தோணிமேரி சொன்னாள். "நீதான் அவங்ககூட வாராவாரம் போன்ல பேசிக்கிட்டு இருந்த. ரெண்டு பக்கம் எழுதி அனுப்புடா. சினிமா கினிமான்னு எதையும் இழுத்து வைக்காத. கடைசியில ஒரு ஜெபம் நானே சேத்துக்கறேன்."

எனக்குப் பேசத்தான் வரும். அதனால் வேலைக்குப் போகிற பேருந்துக்காக நிற்கும் இருபது நிமிஷத்தில் போனிடம் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. பக்கத்தில் நிற்கிற வெள்ளைக்காரப் பெண்மணி நான் யாருடனோ சண்டை போடுகிறேன் என்று நினைத்து இரண்டடி தள்ளி நின்றுகொள்கிறார். முற்றுப்புள்ளிகள் பிறகு உட்கார்ந்து நான் வைத்தவை. அழிக்க மனம் வராத வாக்கியங்களை அடைப்புக்குறிக்குள் விட்டிருக்கிறேன்.

"மேரி டீச்சர் முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்" என்று ஆரம்பித்தேன். அடுத்த வாக்கியம் வரவில்லை. வந்தது வேறொன்று: "மேரி டீச்சர் தன் பத்தொன்பதாவது வயதில் ஒரு பொய் சொன்னார். அதனால் அவருடைய தோழி வசந்தாமணி டீச்சர் ஆகாமல் போனாள்."

ஜெபப் புத்தகத்துக்கு ஆகாத வாக்கியம். ஆனால் அதற்குப் பிறகுதான் போன் நிற்காமல் எழுத ஆரம்பித்தது.

2

தொடக்கம் ஒன்று: "1952ஆம் வருஷம் சேலம் ஜங்ஷன் பார்சல் ஆபீசில் ஏழு தகரப் பெட்டிகள் வந்து இறங்கின." எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எத்தனை பெட்டி என்று எனக்குத் தெரியாது. ஏழு என்றால் கம்பீரமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தொடக்கம் இரண்டு: (மலைக் கணவாயில் புழுதி கிளம்பியது. வெள்ளைக் குதிரையின் மேல், வாயைக் கருப்புத் துணியால் மூடிய ஒரு பெண்...) இது படத்தின் தொடக்கம். விட்டுவிட்டேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். இன்பமேரியின் அப்பா சூசைமாணிக்கம் பார்சல் ஆபீசில் குமாஸ்தா. அந்தக் காலத்தில் சினிமாப் பெட்டிகள் ரயிலில்தான் வரும். பெட்டியைச் சீக்கிரம் விடுவித்துக்கொள்ள வேண்டும் என்று கொட்டகைக்காரர்கள் அவரிடம் சிரித்துப் பேசி இரண்டு பாஸ் கொடுத்துவிட்டுப் போவார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து அவர் போகமாட்டார். ஒரு பாஸில் அம்மா வேளாங்கண்ணி, இன்னொரு பாஸில், ஒரே நாற்காலியில் இடித்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகள்: இன்பமேரியும் வசந்தாமணியும். இருவருக்கும் ஒன்பது வயது.

வசந்தாமணி ராசிபுரத்தைத் தாண்டி நாமக்கல் போகும் சாலையில் ஒரு தோட்டத்து வீட்டுப் பெண். மகள் நாலெழுத்து படிக்கட்டும் என்று அவள் அப்பா குழந்தைவேல் சேலத்துக் கன்னியர் மடத்து விடுதியில் சேர்த்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோழியின் வீட்டுக்கு வர அனுமதி.

அந்தப் படத்தின் பெயர் 'கணவாய்க்காரி'. (தேட வேண்டாம், கிடைக்காது. பெயரையும் கதையையும் நான் மாற்றியிருக்கிறேன்.) கணவாயைக் காவல் காக்கும் ஒரு பெண். அநியாயக்காரர்களை மறித்து, "வழி கேட்காதே, வழி விடு" என்பாள். பத்து வருஷத்தில் ஐந்து படங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் அதே குதிரை, அதே துணி, அதே வசனம். முதல் இரண்டை இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். மடத்துப் பள்ளியில் தண்ணீர்க் குழாய் வரிசையில் எந்தப் பெண்ணும் நிம்மதியாக நிற்க முடியவில்லை. பின்னாலிருந்து இரண்டு குரல்கள்: "வழி கேட்காதே, வழி விடு." கன்னியாஸ்திரி ஒருவர் இருவரையும் முட்டி போட வைத்தார். முட்டி போட்டபடியே குதிரை ஓட்டினார்களாம்.

3

மூன்றாவது படம் வந்தபோது வசந்தாமணி சேலத்தில் இல்லை. எட்டாவது பரீட்சை எழுதிய கையோடு வயதுக்கு வந்துவிட்டாள். குழந்தைவேல் வண்டி கட்டிக்கொண்டு வந்து (இல்லை, பஸ்சில்தான் வந்தார், வண்டி என்றால் சினிமா மாதிரி இருக்கிறது) அவளைக் கூட்டிப்போனார். சமைந்த பெண் கொட்டகைக்குப் போகும் வழக்கம் அவர்கள் பக்கத்தில் இல்லை. கல்யாணம் ஆனால் புருஷனோடு போகலாம்.

அதனால் இன்பமேரி பார்த்துவிட்டு வந்து சொல்வது என்று ஏற்பாடு. கோடை லீவில், விதைப்புக்கு முன்னால், விதைக் கடலை உரிக்கிற நாட்களில் போவாள். முன்கூடத்தில் கடலைக்காய் மலையாகக் கிடக்கும். சுற்றிலும் பத்துப் பதினைந்து பெண்கள். ஒரு கடலை மூட்டையின் மேல் இருபக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால் அது குதிரை. தாவணி முனையை வாயில் சுற்றினால் கருப்புத் துணி. மூன்று மணி நேரப் படத்தை அவள் ஒரு பகல் முழுக்கச் சொல்வாள். உரிக்கிறவர்கள் விதைக் கடலையை வாயில் போட்டுக்கொள்கிறார்களா என்று காவல் இருப்பது வசந்தாமணியின் அம்மா சென்னியம்மாளின் வேலை. கதை கேட்டு வாய் பிளந்தவள் தின்ன மறந்துவிடுவாள் என்பதால் சென்னியம்மாளுக்கு இன்பமேரியைப் பிடிக்கும்.

நான்காவது படத்தில் கணவாய்க்காரி வெள்ளத்துக்குப் பயந்து ஆற்றங்கரையிலேயே நின்றுவிடுகிறாள். இன்பமேரி அவளை ஆற்றைத் தாண்ட வைத்தாள். பொய் அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று யாராவது சொல்லக்கூடும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அது தாராளம்.

4

1962. ஐந்தாவது படம். அதுவே கடைசி என்று சுவரொட்டியிலேயே போட்டிருந்தார்கள். சித்திரை முதல் தேதி வெளியானது. அன்று சனிக்கிழமை, மறுநாள் குருத்து ஞாயிறு. ஈஸ்டருக்கு முந்தைய இந்தத் தபசுகாலத்தில் சினிமா பார்ப்பது பாவம். இன்பமேரி அப்போது ஆசிரியப் பயிற்சி மாணவி. விடுதியில், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வர மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை விட்டார்கள். கோயிலில் வரிசை நீளமாக இருக்கும், யாரும் நேரத்தைக் கேட்கப்போவதில்லை. அவள் கோயிலைத் தாண்டி நடந்துபோய்ப் பன்னிரண்டணா டிக்கெட் எடுத்தாள்.

இந்த இடத்தில் எனக்கு இன்பமேரியின் மேல் சந்தேகம் வருகிறது. படத்தின் மேல் ஆசை இருந்தால் பாதியில் ஏன் எழுந்து வர வேண்டும்? ஆசை போய்விட்டது என்றால் பாவசங்கீர்த்தன நேரத்தைத் திருடிக்கொண்டு ஏன் போக வேண்டும்? ஒருமுறை போனில் கேட்டேன். "வசந்தாவுக்குச் சொல்லணுமே. கடமைக்குப் போனேன்" என்றார் டீச்சர். கடமைக்கு என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில், பரீட்சைத்தாள் திருத்திய களைப்பு இருந்தது.

படம் ஓடுகிறது. கணவாய்க்காரிக்கு உடம்பு பருத்துவிட்டது. கத்தி வீசிவிட்டு மூச்சு வாங்குவது வசனத்துக்கு நடுவே கேட்கிறது. மலை திரைச்சீலையில் தீட்டியது, நடுவில் ஒரு மடிப்பு. குதிரை ஓடுவது தூரத்தில் மட்டும்தான். கிட்டத்தில் காட்டும்போது அவள் இடுப்புக்குக் கீழே படமே இல்லை. ஏதோ கட்டையின் மேல் உட்கார்ந்து ஆடுகிறாள். முன்வரிசையில் பிள்ளைகள் விசிலடிக்கிறார்கள். இன்பமேரி அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த மடிப்பு முதல் படத்திலும் இருந்தது என்று அவளுக்கு நினைவு வருகிறது. அப்போதும் பார்த்திருக்கிறாள். அப்போது அதை ஒரு பாதை என்று நினைத்திருக்கிறாள்.

படம் கெட்டுப்போயிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். அது எப்போதும் இப்படியேதான் இருந்திருக்கிறது.

கதை இதுதான்: ராஜா ஒரு பேரம் பேசுகிறான். கணவாய்க்காரி துணியை அவிழ்த்துவிட்டு இளவரசனைக் கட்டிக்கொண்டு அரண்மனைக்கு வந்துவிட்டால், மலைக் கிராமங்களுக்கு வரி தள்ளுபடி. வராவிட்டால் வெடி வைத்துக் கணவாயை மூடிவிடுவார்கள். அவள் யோசிக்கிறாள். மூன்று ரீல் பாக்கி இருக்கிறது.

இன்பமேரி எழுந்து வெளியே வந்துவிட்டாள். ஆறு மணிக்குள் விடுதிக்குப் போக வேண்டும் என்பதால் ஐந்தரைக்கு எழுந்ததாக இரண்டு வருஷம் என்னிடம் சொன்னார். மூன்றாவது வருஷம், "ஐந்தே கால்தான் இருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம். பிடிக்கல" என்றார்.

வாசலில் பாட்டுப் புத்தகம் விற்றார்கள். முடிவு அதில் இருக்குமே என்று வாங்கினாள். நடந்துகொண்டே கதைச் சுருக்கத்தைப் புரட்டினாள். கடைசி வரி: 'கணவாய்க்காரி மகுடம் சூடினாளா, குதிரை ஏறினாளா? மீதியை வெள்ளித்திரையில் காண்க.'

(எல்லாப் பாட்டுப் புத்தகமும் அப்படித்தான் முடியும், அவளுக்கு அது தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும். ஆனால் பத்து வருஷமாக அவள் முடிவைப் பார்த்துவிட்டுத்தான் புத்தகம் வாங்கினாள், அதனால் அந்த வரி ஒரு தடவைகூட அவளுக்கு உறைத்ததில்லை.)

மறுநாள் பூசையில் எல்லோரும் பீடத்தில் நன்மை அப்பம் வாங்க எழுந்தபோது அவள் குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். பாவசங்கீர்த்தனம் செய்யாமல் போக முடியாது. தலைவலி என்றாள். அது இரண்டாவது பொய். மூன்றாவது வைகாசியில்.

5

சின்னதாகிப்போன பாவாடையைத் தங்கைக்குக் கொடுக்கலாம். சின்னதாகிப்போன படத்தை என்ன செய்வது? பிடித்தவர்களிடம் போய் 'எனக்கு இது சின்னதாகிவிட்டது' என்று சொல்ல முடிவதில்லை. சொன்னால் அவர்களையும் சேர்த்துச் சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. அதனால் சொல்லாமல், முன்பு உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, முன்பு பேசியதையே கொஞ்சம் குறைத்துப் பேசிவிட்டு, பஸ் நேரத்தைப் பார்க்கிறோம். (இங்கே நான் வேறு எதையோ பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். பேருந்தும் வந்துவிட்டது.)

6

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் பூசை முடித்து, முதல் பஸ் பிடித்து இன்பமேரி தோட்டத்துக்கு வந்தாள். பையில் ஒரு விண்ணப்பப் படிவம். பயிற்சிப் பள்ளியில் ஓர் இடம் காலி. எட்டாவது தேறியிருந்தால் போதும், அப்பா கையெழுத்தோடு திங்கள் காலைக்குள் வர வேண்டும் என்று மடத்துத் தலைவி மதர் சொல்லியிருந்தார். இதைப் பற்றி இன்பமேரி முன்பே கடிதம் போட்டிருந்தாள். குழந்தைவேலிடமிருந்து பதில் இல்லை.

மறுபக்கத்தில் மயில்சாமி இருந்தார். சென்னியம்மாளின் கடைசித் தம்பி, சங்ககிரியில் இரண்டு லாரி வைத்திருப்பவர். முதல் சம்சாரம் பிரசவத்தில் போய்விட்டது. வயது முப்பத்துநான்கு. தாய்மாமன் முறை, பெண் கேட்க உரிமை உண்டு, கேட்டிருந்தார். (அவரைக் கெட்டவராக எழுதினால் எனக்கு வேலை சுலபம். அவர் கெட்டவர் இல்லை.)

கூடத்தில் கடலை குவிந்து கிடந்தது. "வாங்க டீச்சரம்மா. குதிரை தயாரா நிக்குதுங்க" என்று ஒரு மூட்டையைத் தட்டிக் காட்டினாள் உண்ணாமலை. தோட்டத்தில் வேலை செய்கிறவள், அங்கே வாய்த்துடுக்கு அவளுக்குத்தான்.

"இன்னும் டீச்சர் ஆகலைங்க."

"ஆயிருவீங்க. மொகத்துல இப்பவே பெரம்பு தெரியுது."

பெண்கள் சிரித்தார்கள். இன்பமேரி மூட்டையில் ஏறாமல் பக்கத்தில் கிடந்த பலகையில் உட்கார்ந்தாள்.

"பாத்துட்டயா?" என்றாள் வசந்தாமணி. அவள் மடியில் ஒரு முறம். நகக்கண்ணெல்லாம் செம்மண்.

"பாத்தேன்."

"சொல்லு புள்ள. சித்திரையில இருந்து காத்துக்கிட்டு இருக்கறேன்."

இன்பமேரி சொன்னாள். ராஜா, பேரம், வரி, வெடி. பாடத்தைச் சுருக்கிச் சொல்லப் பழகியிருந்தாள், பத்து நிமிஷத்தில் வெடிவரை வந்துவிட்டாள். யாரோ ஒருத்தி கடலையை வாயில் போட்டு மென்றாள். சென்னியம்மாள் அவளை முறைத்தாள்.

"ஏம்புள்ள, குதிரை மேல ஏறவே இல்லயே நீ?" என்றாள் வசந்தாமணி.

"வயசாச்சு வசந்தா."

"உனக்கும் எனக்கும் ஒரே வயசுதான."

"அது நிஜக் குதிரையே இல்ல. கிட்டத்துல காட்டும்போது வெறும் கட்டை. சுத்தி யாரோ புழுதிய வாரி வீசறாங்க. மலை துணியில வரைஞ்சது. உனக்கு எப்படிச் சொல்றது, எல்லாமே..."

"எனக்குத் தெரியுமே."

இன்பமேரி நிமிர்ந்தாள்.

"ரெண்டாவது படத்துலயே கட்டைய நான் பாத்துட்டேன்" என்றாள் வசந்தாமணி. "உங்கிட்டச் சொன்னா வருத்தப்படுவயேன்னு சொல்லுல. அங்க ஓடுதோ இல்லியோ, நீ சொல்றப்ப ஓடுமில்ல. அதுக்குத்தான கேக்கறேன்."

இன்பமேரி நாலு மணி பஸ்சை நினைத்தாள்.

"செரி உடு. அப்பறம் அவ என்ன பண்ணா?"

உரிக்கிற சத்தம் நின்றுவிட்டது. பத்துப் பதினைந்து ஜோடிக் கைகள் சும்மா இருந்தன. 'நான் அவசரமாக எழுந்து வந்துவிட்டேன், பார்க்கவில்லை' என்று இன்பமேரி சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பாவசங்கீர்த்தனம், தபசுகாலம், பிடிக்கவில்லை என்பது, எல்லாம் வரும். எந்தப் படமும் எப்படி முடியும் என்று இன்பமேரிக்குத் தெரியும்.

"துணிய அவுத்துட்டா. இளவரசனைக் கட்டிக்கிட்டா. வரி போச்சு. எல்லாரும் நல்லா இருந்தாங்க."

"துணிய அவளா அவுத்தாளா, ஆராச்சும் அவுத்து உட்டாங்களா?"

"அவளேதான்."

"அழுதாளா?"

"இல்ல. சிரிச்சா."

வசந்தாமணி முறத்தில் சேர்ந்த தோலை ஊதித் தள்ளினாள். "செரி" என்று ஒரு கை கடலைக்காயை அள்ளிக்கொண்டாள்.

"அப்பறம் அந்தக் குதிரைங்க?" என்றாள் உண்ணாமலை.

"குதிரையா? லாயத்துல கட்டிட்டாங்க."

"அடப் பாவத்தே."

பிற்பகலில் சமையல்கட்டில் வைத்துப் படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். வசந்தாமணி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாய்விட்டுப் படித்தாள். 'தகப்பனார் அல்லது பாதுகாவலர் கையொப்பம்' என்ற இடத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீ போய்ட்டு வா மேரி. நான் இங்கயே இருந்துக்கறேன்."

"உங்கப்பா வேண்டாங்கறாரா?"

"அப்பாவ ஒண்ணும் சொல்லாத."

7

பஸ் நிற்கிற புளியமரம்வரை உண்ணாமலை கூட வந்தாள். இன்பமேரியின் வீட்டுக்கென்று சென்னியம்மாள் கொடுத்த கடலைப் பை அவள் இடுப்பில் இருந்தது.

"வசந்தா அப்பா ஒத்துக்கலைங்களா?" என்று கேட்டாள் இன்பமேரி.

"ஆரு சொன்னா? காத்தாலயே சொல்லிப்போட்டாருங்க. 'போகோணும்னா கையெழுத்துப் போட்டுத் தாரேன், இருக்கோணும்னா மயில்சாமிக்குச் சொல்லியுடறேன். பொழுது எறங்கறதுக்குள்ள ரெண்டுல ஒண்ணு சொல்லு சாமி'ன்னாரு. அவங்கம்மா உடமாட்டேன்னு ஒரே அழுவை. இவரு கேக்கவே இல்லீங்க. பொட்டிகூடக் கட்டி வெச்சிருந்துச்சு அந்தப் புள்ள. நானே பாத்தேன், கட்டலுக்கு அடியில. என்ன நெனச்சுதோ, மத்தியானத்துக்கு மேல போய், இங்கயே இருக்கறேன்னு அப்பங்கிட்டச் சொல்லிப்போடுச்சு."

இன்பமேரி திரும்பி வயலுக்கு அப்பால் தெரிந்த ஓட்டுக் கூரையைப் பார்த்தாள். கால்மணி நேர நடை.

பஸ் வந்தது. அடுத்த பஸ் ஐந்தரைக்கு உண்டு என்று அவளுக்குத் தெரியும். ஏறிக்கொண்டாள்.

8

இதுவரை எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"போடா. ஒரு சினிமா முடிவக் கேட்டு யாராவது வாழ்க்கைய முடிவு பண்ணுவாங்களா?" என்றாள். "அந்தக் காலத்துல பொண்ணுங்க அப்படித்தான் இருந்தாங்க. டீச்சர் வயசான காலத்துல தேவையில்லாம மனசப் போட்டுக் குழப்பிக்கிட்டாங்க. இதைப் போய்க் கோயில்ல குடுக்கச் சொல்றியா?"

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதை வைத்தும் ஒரு பக்கம் எழுதினேன்: வசந்தாமணி முதல்நாளே முடிவு செய்துவிட்டாள், அம்மாவின் அழுகைதான் காரணம், கதை வெறும் கதை. அந்தப் பக்கத்தில் மேரி டீச்சர் விடுதலை ஆகிவிடுகிறார். நினைவு மலருக்கும் பொருந்தும். ஆனால் கட்டி வைத்த பெட்டியை எங்கே ஒளிப்பது? கட்டிலுக்கு அடியிலிருந்து அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கிழித்துவிட்டேன். (போனில் கிழிக்க முடியாது. அழித்துவிட்டேன்.)

இன்னொன்று: இன்பமேரி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, புழுதியில் ஓடி... இறங்கவில்லை. நான் எத்தனை தடவை பஸ்சை நிறுத்தினாலும் அவள் ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. இன்பமேரி போனாள், ஒரு குத்துவிளக்கு கொடுத்தாள், சாப்பிட்டாள்.

9

நான்கு வருஷம் கழித்து, 1966 மாசியில், சங்ககிரி. இன்பமேரி சேந்தமங்கலத்தில் ஆசிரியை. ஏதோ பரீட்சை வேலையாகச் சங்ககிரிக்கு வந்தவள், வந்த இடத்தில் பார்க்காமல் போனால் தப்பு என்று மயில்சாமி வீட்டுக்குப் போனாள்.

வாசலில் மூன்று லாரிகள். மயில்சாமி நாற்காலியைத் தோளில் கிடந்த துண்டால் தட்டிப் போட்டார். வசந்தாமணி வந்து, "வா" என்றாள். இடுப்பில் சாவிக்கொத்து. இரண்டு பிள்ளைகள். வீடு சுத்தமாக இருந்தது. ஓர் அலமாரி முழுக்கப் பாத்திரம், புத்தகம் ஒன்றும் இல்லை. "நல்லா இருக்கறயா?" என்று கேட்டாள். "இருக்கேன்" என்றாள் இன்பமேரி. "மோர் கொண்டாரேன்" என்று வசந்தாமணி உள்ளே போனாள். ஒரே நாற்காலியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வளர்ந்த பத்து வருஷ சினேகிதம், இவ்வளவு பேச்சில் முடிந்துவிட்டது.

"டீச்சர், உங்களை ஒண்ணு கேக்கோணும்னு நாலு வருசமா இருக்கறனுங்க" என்றார் மயில்சாமி.

"கேளுங்க."

"கண்ணாலமான மாசமே உங்க சேத்தாளியக் கூட்டிக்கிட்டு அந்தக் கணவாய்க்காரி படத்துக்குப் போனனுங்க. ஆசைப்படுவாளேன்னு. பாட்டுக்குப் பாட்டு என்னையத் தட்டித் தட்டிக் காமிச்சா. கடைசியில அந்த ராசா வந்து நிக்கறான் பாருங்க, வாரயா வல்லியான்னு. எந்திரிச்சுட்டா. 'முடிவு எனக்குத் தெரியும், மேரி சொல்லிட்டா'ன்னுட்டு வெளிய போய் லாரியில உக்காந்துக்கிட்டா. நானு காசு குடுத்தாச்சேன்னு முழுசும் பாத்துட்டு வந்து, மேரி சொன்ன மாதிரி இல்லைன்னு சொன்னனுங்க. நம்பமாட்டீங்கறா. 'உங்களுக்கு இருட்டுல கண்ணு தெரியாது, மேரி பாத்ததுதான் நெசம்'ங்கறா. நாலு வருசமா எங்க ஊட்ல இதே வழக்குங்க."

அவர் சிரித்தார். உள்கட்டு வாசலில் வசந்தாமணி இரண்டு டம்ளர் மோரோடு வந்து நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

"இன்னைக்கு ரெண்டு பேரும் வசமா மாட்டுனீங்க" என்றார் மயில்சாமி. "நீங்களே சொல்லிப்போடுங்க டீச்சர். கடைசியில அவ என்ன பண்ணா?"

மேரி டீச்சர் என்னிடம் இதை மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் இங்கே நிறுத்திவிட்டு, "அங்க குளிரா இருக்கா? சாப்பிட்டியா?" என்று கேட்டார். நானும் அப்பறம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இனிமேல் முடியாது. மயில்சாமியும் இல்லை, வசந்தாமணியும் இல்லை.

அதனால் அவர் சொல்லியிருக்கக்கூடிய மூன்று பதில்களையும் எழுதிப் பார்த்தேன்.

"நான் அந்தப் படத்தை முழுசாப் பாக்கவே இல்லைங்க." இது உண்மை. நாலு வருஷமாக அந்த முடிவுக்குள்தான் வசந்தாமணி குடித்தனம் நடத்துகிறாள். இரண்டு பிள்ளைகளும் அதற்குள்தான் பிறந்திருக்கின்றன. ஒரு வாக்கியத்தில் கூரையைப் பிரித்துவிடலாம். பிரித்தபின் அவள் எங்கே போவாள் என்று எனக்கு எழுத வரவில்லை.

"நீங்க சொல்றதுதான் சரிங்க, நான்தான் மறந்துட்டேன்." இதில் மயில்சாமி ஜெயிப்பார். வசந்தாமணி மோரைக் கொடுத்துவிட்டு உள்ளே போவாள். அதற்குப் பிறகு அவள் முகம் எப்படி இருந்தது என்று அந்த வீட்டில் யாரும் பார்க்கப்போவதில்லை.

"நான் சொன்னதுதாங்க நிஜம். துணிய அவளேதான் அவுத்தா. சிரிச்சா." இதைச் சொன்னால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் வசந்தாமணி ஏன் அன்று கொட்டகையிலிருந்து எழுந்து போனாள்? முடிவு தெரியும் என்றா, தெரிந்துவிடும் என்றா? இரண்டாவது காரணம் என்றால், இந்தப் பதிலைக் கேட்கும்போது அவளுக்கு எல்லாமே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே டம்ளரை நீட்டுவாள்.

நான்காவதாக ஒரு பதில் இருக்கலாம், எனக்குக் கிடைக்கவில்லை. அக்காவுக்கு இரண்டு பக்கம் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன், முப்பத்தாறு வருஷம், எழுத்தறிவு, ஜெபம். இது உங்களுக்கு. மயில்சாமி கேட்டுவிட்டு உங்கள் வாயைப் பார்க்கிறார். நீங்கள் எதைச் சொன்னாலும் நான் மறுக்கமாட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: வசந்தாமணியைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் எழுதிப் பார்த்த மூன்றிலும் இன்பமேரி மயில்சாமியைப் பார்த்துத்தான் பேசுகிறாள்.